ஒற்றை ஆளின் கரந்தடிப் போர்: ‘தி பிரிசனர்’ தொடரும் இரசிகர்களின் வாதமும்

கைதி என்று பொருள்படும் ‘தி பிரிசனர்’, பிரித்தானியாவில் 1967 செப்டம்பர் 29 முதல் 1968 பெப்ரவரி 1 வரை முதன்முதலாக ஒளிபரப்பான அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர். மொத்தம் 17 பகுதிகளைக் கொண்டது. பேட்ரிக் மெக்கூகன் இதன் நாயகனாக நடித்ததோடு, தயாரிப்பிலும் எழுத்திலும் இயக்கத்திலும் பங்கேற்றார். ஆயுதம் ஏதும் இல்லாத ஒருவர், தன்னை அடைத்து வைத்திருக்கும் ஓர் ஊரின் நிர்வாகம் முழுவதையும் எதிர்த்துத் தனியாகப் போராடுவதே கதை. அந்தப் போராட்டத்தைக் கரந்தடிப் போர், அதாவது கெரில்லாப் போர் என்று சொல்லலாமா, அதில் அவர் உண்மையில் வென்றாரா என்று இத்தொடரின் இரசிகர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாதிட்டு வருகின்றனர்.

இந்த வாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவை அடுத்தடுத்த வாரங்களில் வெளியான இரண்டு பகுதிகள்: 1967 நவம்பர் 24 அன்று வந்த ‘செக்மேட்’, டிசம்பர் 1 அன்று வந்த ‘ஹேமர் இன்டு ஆன்வில்’. முதலாவதில் ஒருவர்மீது ஒருவர் கொண்ட சந்தேகம் கிளர்ச்சியாளர்களின் திட்டத்தைக் கெடுக்கிறது. இரண்டாவதில் அதே சந்தேகம் ஆட்சி செய்பவரையே வீழ்த்துகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நாயகனின் போர்முறை விளங்கும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

தொடர் உருவான பின்னணி

மெக்கூகன் 1928இல் நியூயார்க்கில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்து, அயர்லாந்திலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் வளர்ந்தவர். ‘டேஞ்சர் மேன்’ என்ற தொடரில் ஜான் டிரேக் என்னும் உளவாளியாக நடித்துப் பெரும் புகழ் பெற்றிருந்தார். அதே வேடத்தில் சலிப்புற்று, ஐ.டி.சி. நிறுவனத்தின் தலைவர் லூ கிரேடிடம் புதிய தொடர் ஒன்றுக்கான திட்டத்தை முன்வைத்தார். தமக்கு ஏழு பகுதிகளே போதுமானவையாக இருந்தன என்றும், வணிகக் காரணங்களுக்காக எண்ணிக்கை கூட்டப்பட்டது என்றும் அவர் பின்னாளில் கூறினார்.

தொடரின் கதைத் தொகுப்பாளர் ஜார்ஜ் மார்க்ஸ்டீன். மூலக் கருத்து யாருடையது என்பதில் அவருக்கும் மெக்கூகனுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. மார்க்ஸ்டீன் சுட்டிக்காட்டிய வரலாற்று மூலம் ஒன்று கவனிக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது, எதிரி நாடுகளுக்குள் நாசவேலை நடத்துவதற்காக 1940இல் பிரித்தானியா எஸ்.ஓ.இ. என்ற இரகசிய அமைப்பை உருவாக்கியது. அதில் பயிற்சி பெற்றுப் பிறகு பணிக்குத் தகாதவர்கள் என்று கருதப்பட்ட சிலரை வெளியே விடவும் முடியவில்லை; அவர்களுக்கு அளவுக்கு மீறித் தெரிந்திருந்தது. அத்தகையோரை ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் இன்வர்லேர் லாட்ஜ் என்ற மாளிகையில் தங்கவைத்தார்கள். வசதிக்குக் குறைவில்லை, வெளியேற வழியில்லை. தொடரில் வரும் ஊருக்கு இதுவே வித்து என்பது மார்க்ஸ்டீனின் கூற்று. கரந்தடிப் போருக்கென்றே பயிற்றுவிக்கப்பட்டவர்களைப் பூட்டி வைத்த வீடு, தனி ஆளின் கரந்தடிப் போரைப் பற்றிய கதைக்கு வித்தானது என்றால் அது பொருத்தமானதுதான்.

ஊரும் அதன் ஆட்சியும்

ஓர் உளவு அதிகாரி திடீரெனப் பதவி விலகுகிறார். வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது மயக்க வாயு செலுத்தப்பட்டு, பெயர் தெரியாத ஒரு கடலோர ஊரில் கண்விழிக்கிறார். அந்த ஊருக்கு ‘ஊர்’ என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. அங்கே எவருக்கும் பெயரில்லை, எண்தான். அவர் எண் ஆறு. நிர்வாகத்தை நடத்துபவர் எண் இரண்டு. அந்தப் பதவியில் ஏறத்தாழ ஒவ்வொரு பகுதியிலும் வேறு ஆள் அமர்கிறார். எண் ஒன்று யார் என்பது கடைசிவரை மறைக்கப்படுகிறது. ஏன் பதவி விலகினாய் என்ற ஒரே கேள்விக்கு விடை வாங்குவதே எண் இரண்டின் வேலை.

இந்த ஊரின் காட்சிகள் வடக்கு வேல்ஸிலுள்ள போர்ட்மெய்ரியனில் படமாக்கப்பட்டன. கட்டடக் கலைஞர் கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் 1925 முதல் அரை நூற்றாண்டுக் காலம் எழுப்பிய இத்தாலியப் பாணி விடுதிக் கிராமம் அது. படப்பிடிப்பு நடந்த இடம் எது என்பது இறுதிப் பகுதியின் தொடக்க எழுத்துகளில்தான் வெளிப்படையாகத் தெரிவிக்கப்பட்டது. பளிச்சென்ற வண்ணச் சுவர்கள், பித்தளை வாத்தியக் குழு, வண்ணக் குடைகள். ஒவ்வொரு சிலைக்குள்ளும் ஒளிப்படக் கருவி. தப்பி ஓடுபவரை ரோவர் என்னும் வெண்ணிறப் பெரும் பந்து துரத்தி மூச்சுத்திணறச் செய்கிறது. திட்டமிட்டிருந்த இயந்திர வண்டி வேலை செய்யாததால் வானிலை ஆய்வுப் பலூன் ஒன்றை வைத்துச் சமாளித்தார்கள். அந்தத் தற்செயல்தான் தொடரின் மறக்க முடியாத காட்சியானது.

‘கரந்தடி’ என்ற சொல் பொருந்துமா?

கெரில்லா என்பது ஸ்பானிய மொழியில் ‘சிறு போர்’. 1808 முதல் 1814 வரை நெப்போலியனின் படைகளை ஸ்பெயின் நாட்டவர் எதிர்த்த காலத்தில் இச்சொல் ஐரோப்பாவெங்கும் பரவியது. மீனுக்குத் தண்ணீர் போலப் போராளிக்கு மக்கள் தேவை என்னும் உவமை மாவோவின் பெயரோடு நிலைத்துவிட்டது. ஒளிந்துகொள்ள மக்கள் இல்லாதவர் கரந்தடிப் போராளி ஆக முடியாது என்று வாதிடும் இரசிகர்கள் இதையே ஆதாரமாகக் கொள்கின்றனர். எண் ஆறு வாழும் ஊரில் தண்ணீர் கிடையாது. அண்டை வீட்டார் கைதியா காவலரா என்றே தெரியாது.

இந்த வாதத்துக்கு அன்றைய செய்திகளே வலுச் சேர்த்தன. தொடரின் இரண்டாம் பகுதி 1967 அக்டோபர் 6 அன்று ஒளிபரப்பானது. இரண்டு நாள் கழித்துப் பொலிவியக் காட்டில் சே குவேரா பிடிபட்டார். 9ஆம் தேதி கொல்லப்பட்டார். சிறு குழுவொன்று முதலில் போரைத் தொடங்கினால் மக்கள் பின்னால் வருவார்கள் என்று நம்பியவர் அவர். பொலிவிய உழவர்கள் வரவில்லை. மக்கள் ஆதரவில்லாத கரந்தடிப் போருக்கு என்ன நேரும் என்பதை அந்த மாதத்துச் செய்தித்தாள்களில் எல்லாரும் படித்தார்கள்.

ஆனால் கரந்தடிப் போருக்கு மற்றொரு மரபும் உண்டு. முதல் உலகப் போரில் அரபுக் கிளர்ச்சியாளர்களோடு இருந்த டி. இ. லாரன்ஸ், துருக்கியப் படையை நேருக்கு நேர் மோதி அழிப்பதில் ஆர்வம் காட்டவில்லை. ஹெஜாஸ் இரயில்பாதையை அங்கங்கே உடைத்துக்கொண்டே இருந்தால் போதும் என்றார். மதீனாவிலிருந்த துருக்கியப் படை அங்கேயே இருக்கட்டும். அதற்குச் சோறு போடுவதும் பாதையைக் காப்பதும் எதிரிக்குச் சுமையாகட்டும் என்பது அவர் கணக்கு. போர் முடிந்த பிறகு, 1919 சனவரியில்தான் மதீனா சரணடைந்தது. எதிரியின் பருமனையே எதிரிக்குப் பாரமாக்குவது என்ற இந்தச் சிந்தனைக்குப் பெருங்கூட்டம் கட்டாயமில்லை. எண் ஆறு பிற்பாடு செய்வது இதைத்தான்.

செக்மேட்: கூட்டுச் சேர்ந்து தோற்றது

‘செக்மேட்’ பகுதியில் ஊர் மக்களே காய்களாக நிற்கும் சதுரங்க ஆட்டம் ஒன்று நடக்கிறது. எண் ஆறு அதில் ஒரு சிப்பாய். ஆட்டத்தை நடத்தும் முதியவர், இந்த ஊரில் யார் காவலர், யார் கைதி என்று அடையாளம் காண ஒரு வழி சொல்லித் தருகிறார். உடையிலோ எண்ணிலோ வேறுபாடு இல்லை. அவரவர் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனித்தால் தெரிந்துவிடும் என்கிறார்.

எண் ஆறு இதை உடனே சோதித்துப் பார்க்கிறார். அதிகாரத் தோரணையில் பேசினால் பணிந்து ஒதுங்குபவர் கைதி. எதிர்த்து நிற்பவர் காவலர். அப்படித் தேர்ந்தெடுத்த சிலரைக் கொண்டு ஒரு குழு அமைக்கிறார். ஆட்டத்தில் யானையாக நின்று, சொந்த விருப்பப்படி நகர்ந்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர் அக்குழுவில் முக்கியமானவர், தொழில்நுட்பம் அறிந்தவர். விபத்துக்குள்ளான விமானம்போல வானொலியில் அபாயக் குரல் எழுப்பி, அருகில் செல்லும் கப்பலை வரவழைப்பது திட்டம்.

திட்டத்தில் பிழையில்லை. ஆனால் ஆள் பிடிக்கப் பயன்படுத்திய உத்தியே அதைக் கவிழ்க்கிறது. எண் ஆறின் அதிகாரத் தோரணையைக் கண்ட யானைக்காரர், அதே சோதனையை எண் ஆறின்மீதே நடத்துகிறார். இவர் காவலர், நம்மைச் சோதிக்க வந்தவர் என்று முடிவுகட்டுகிறார். மற்றவர்களும் அதை நம்ப, திட்டம் எண் இரண்டின் கைக்குப் போகிறது. காட்டிக்கொடுத்தவர் துரோகியில்லை. அவர் செய்தது, தம் பார்வையில், எச்சரிக்கை.

1967இன் பார்வையாளர்கள் இப்பகுதியை ஒரு தோல்விக் கதையாக மட்டும் எடுத்துக்கொண்டிருக்கலாம். அடுத்த வாரம் வந்த பகுதியை அறிந்தவர்களுக்கு இது ஒரு பாடத்தின் முதல் பாதி.

ஹேமர் இன்டு ஆன்வில்: தனியாக நின்று வென்றது

இப்பகுதியை எழுதியவர் ரோஜர் வாடிஸ். இயக்கியவர் பாட் ஜாக்சன். வாடிஸ், ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் அரசியல் நையாண்டிக் கவிதைகள் எழுதி அறியப்பட்டவர். அடிக்கும் சுத்தியலாக இரு, இல்லையேல் அடிபடும் பட்டடைக்கல்லாக இரு என்ற பொருளில் கதே எழுதிய ஒன்றை எண் இரண்டு எடுத்துக்காட்டுகிறார். தலைப்பு அதிலிருந்து வந்தது. எண் இரண்டாக நடித்தவர் பேட்ரிக் கார்கில்.

மருத்துவமனையில் தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்ட எண் 73 என்னும் இளம்பெண்ணை, அவருடைய கணவரைப் பற்றிக் கேட்டு எண் இரண்டு கொடுமைப்படுத்துகிறார். அலறல் கேட்டு எண் ஆறு ஓடிவருவதற்குள் அப்பெண் சன்னல் வழியே குதித்து இறந்துவிடுகிறார். இதற்கு நீ விலை கொடுப்பாய் என்று எண் ஆறு சொல்கிறார். மற்றப் பகுதிகளைப்போல இதில் அவர் தப்பிக்க ஒருமுறைகூட முயல்வதில்லை.

போரின் திசையைத் தீர்மானிப்பது ஒரு தொலைபேசி அழைப்பு. எண் ஆறைத் தம் அறைக்கு இழுத்துவரச் செய்து, உன்னை நொறுக்குவேன் என்று எண் இரண்டு மிரட்டிக்கொண்டிருக்கும்போது மேலிடத்தின் சிவப்புத் தொலைபேசி ஒலிக்கிறது. மறுகணம் அவர் குரல் தணிந்து, எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பணிவாகப் பதிலளிக்கிறார். எதிரிக்கு மேலே ஒரு சுத்தியல் இருப்பதை எண் ஆறு கண்டுகொள்கிறார். இதன் பின் அவர் செய்பவை எல்லாம் இந்த ஒரு செய்தியிலிருந்து பிறந்தவை.

கடைக்குப் போய், பிசேயின் ‘லார்லேசியன்’ இசைத்தட்டின் ஆறு பிரதிகளையும் கேட்டு வாங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதையும் வாங்காமல் திரும்புகிறார். கடைக்காரர் உடனே மேலிடத்துக்குத் தகவல் கொடுக்கிறார். ஆறு தட்டுகளும் பரிசோதனைக்குப் போகின்றன. ஆறும் ஒரே மாதிரி. பிறகு வீட்டில் ஒரு குறிப்பை எழுதுகிறார். அடித்தாளில் பதிந்த தடத்தை எண் இரண்டின் ஆட்கள் எடுத்துப் படிக்கிறார்கள். எக்ஸ்.04 என்பவருக்கு டி.6 எழுதியதுபோன்ற அறிக்கை அது: எண் இரண்டின் மனநிலை சரியில்லை என்பது உறுதியானது, விவரம் பின்னால் வரும் என்கிறது. அடுத்து, கரையில் நிற்கும் கல்படகில் சில தாள்களை ஒளித்து வைக்கிறார். எண் இரண்டு அவற்றை எடுத்து ஆய்வகத்தில் கொடுக்கிறார். வெற்றுத் தாள்கள். எதையோ மறைக்கிறாய் என்று ஆய்வகத்துக்காரர்மீது பாய்கிறார்.

ஊரின் செய்தித்தாளில் ‘டான் கிஹோட்டே’ நாவலிலிருந்து ஒரு ஸ்பானிய வரி விளம்பரமாக வருகிறது. மனநல மருத்துவருக்கு மர்மமான தொலைபேசி அழைப்பு போகிறது. வானொலியில் எண் ஆறுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வருகிறது; அன்று அவருக்குப் பிறந்தநாளும் இல்லை, வாழ்த்தியதாகச் சொல்லப்பட்ட மூதாட்டி உயிரோடும் இல்லை. எண் இரண்டின் வாசலில் ஒரு குயில் கடிகாரம் வைக்கப்படுகிறது. குண்டு என்று அஞ்சி வல்லுநரை அழைத்துப் பிரித்தால், உள்ளே கடிகாரம்தான் இருக்கிறது. புறாவின் காலில் கட்டிய செய்தி, மறுநாள் காலை ஆறு மணிக்கு முக்கியமான சமிக்ஞை வரும் என்கிறது. சொன்னபடியே கடற்கரையில் நின்று கண்ணாடியால் ஒளி காட்டுகிறார் எண் ஆறு. மோர்ஸ் குறிகளைப் பிரித்தால் ரொட்டி சுடுபவரைப் பற்றிய குழந்தைப் பாட்டு. ஒரு குழந்தைப் பாட்டை அனுப்ப இத்தனை ஏற்பாடா, இது வேறொரு சங்கேத மொழியாகத்தான் இருக்க வேண்டும் என்று எண் இரண்டு முடிவு செய்கிறார்.

எண் ஆறு ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்று சிலர் எழுதுகின்றனர். அது மிகை, போலி அறிக்கையும் பிறந்தநாள் வாழ்த்தும் பொய்தான். ஆனால் பொய்யின் பெரும்பகுதியை எண் இரண்டே இட்டு நிரப்பினார் என்பது சரி. கண்காணிப்புக் கருவிகள் அனைத்தும் சரியாக இயங்கின. இசைத்தட்டு, தாள், புறா என எதுவும் தப்பவில்லை. எல்லாவற்றையும் பார்க்கிற அமைப்புக்குப் பொருளற்ற ஒன்றைப் பொருளற்றது என்று விட்டுவிடும் திறன் கிடையாது. அந்த இடத்தில்தான் எண் ஆறு அடித்தார்.

இங்கே ஒரு சிறு குறிப்பு. ‘லார்லேசியன்’ 1872இல் அரங்கேறிய அல்ஃபோன்ஸ் தோதேயின் நாடகம், இசை பிசேயுடையது. கதை முழுவதையும் ஆட்டிவைக்கும் ஆர்ல் ஊர்ப் பெண் மேடைக்கு ஒருபோதும் வருவதில்லை. எக்ஸ்.04 என்பவரும் அப்படியே. வாடிஸ் இதை எண்ணித்தான் அந்த இசையைத் தேர்ந்தாரா என்பதற்குச் சான்றில்லை. இருந்தாலும் இதைவிடப் பொருத்தமான இசைத்தட்டு அக்கடையில் கிடைத்திருக்காது.

முடிவில் கட்டுப்பாட்டு அறை மேற்பார்வையாளர் வேலையிழக்கிறார். உணவகப் பணியாளர் விலக்கப்படுகிறார். மிக விசுவாசமான உதவியாளர் எண் 14, எண் ஆறு காதோடு காதாகப் பேசினார் என்ற ஒரே காரணத்துக்காகத் துரத்தப்படுகிறார். எல்லாரையும் இழந்து தனித்திருக்கும் எண் இரண்டின் முன் எண் ஆறு வந்து நின்று கேட்பது எளிய கேள்வி: நான் உன்னைச் சோதிக்க மேலிடம் அனுப்பிய ஆள் என்று நினைத்தாய், அப்படியானால் என் வேலையில் நீ குறுக்கிட்டது துரோகம் ஆகாதா? எண் இரண்டு உடைகிறார். சிவப்புத் தொலைபேசியை அவரே எடுத்து, நிர்வாகம் சீர்குலைந்துவிட்டது, எண் இரண்டை மாற்ற வேண்டும் என்று தம்மைப் பற்றித் தாமே புகார் செய்கிறார்.

உண்மையில் நடந்த ஒன்றும் நாவலில் வந்த ஒன்றும்

இல்லாத ஆட்களைக் கொண்டு எதிரியை ஆட்டிவைப்பது வெறும் கற்பனையன்று. பார்சிலோனாவில் பிறந்த ஹுவான் புஜோல் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் உளவாளியாக நடித்துக்கொண்டு, பிரித்தானியாவுக்காக வேலை செய்தார். கார்போ என்பது அவருக்குப் பிரித்தானியர் இட்ட பெயர். தமக்குக் கீழே 27 பேர் கொண்ட உளவு வலை இருப்பதாக ஜெர்மானியரை நம்பவைத்தார். அவர்களில் ஒருவரும் உண்மையானவர் இல்லை. 1944இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கியபோது, முதன்மைத் தாக்குதல் வேறிடத்தில் வரப்போகிறது என்று ஜெர்மானியர் நம்பியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அதே ஆண்டில் ஜெர்மனியின் இரும்புச் சிலுவையும் பிரித்தானியாவின் எம்.பி.இ. விருதும் அவருக்குக் கிடைத்தன. இந்த இரட்டை உளவு முறையைப் பற்றிய ஜே. சி. மாஸ்டர்மனின் நூல் 1972இல்தான் வெளிவந்தது. தொடரை எழுதியவர்களுக்கு விவரம் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு.

நாவலில் முன்னோடி உண்டு. பிரித்தானிய எழுத்தாளர் எரிக் ஃபிராங்க் ரசல் 1957இல் எழுதிய ‘வாஸ்ப்’ என்னும் அறிவியல் புனைகதையில், ஜேம்ஸ் மௌரி என்பவர் எதிரிக் கோளில் தனியாக இறக்கப்படுகிறார். ஓடும் காருக்குள் புகுந்த ஒரு குளவி, ஓட்டுநரைத் தடுமாறச் செய்து உள்ளே இருந்த எல்லாரையும் கொன்றுவிட முடியும் என்பதே கதையின் அடிக்கருத்து. சுவரொட்டி, மிரட்டல் கடிதம், வதந்தி ஆகியவற்றைக் கொண்டு, இல்லாத ஒரு புரட்சிக் கட்சியை மௌரி இருப்பதாகக் காட்டுகிறார். ஆனால் மௌரி கொலையும் செய்கிறார். அவருக்குப் பின்னால் ஓர் அரசும் படையும் உண்டு. எண் ஆறுக்குப் பின்னால் யாருமில்லை.

இரசிகர்களின் வாதம்

இத்தொடருக்கெனச் ‘சிக்ஸ் ஆஃப் ஒன்’ என்ற இரசிகர் சங்கம் 1977இல் தொடங்கப்பட்டது. போர்ட்மெய்ரியனிலேயே அவர்கள் மாநாடுகள் நடத்தினர். ஆட்களே காய்களாக நிற்கும் சதுரங்கத்தையும் ஆடிக் காட்டினர்.

அவர்களிடையே ஓயாத வாதம், பகுதிகளை எந்த வரிசையில் பார்ப்பது என்பது. ஒளிபரப்பு வரிசை ஒன்று, படமாக்கிய வரிசை வேறு. எட்டாவதாக வந்த ‘டான்ஸ் ஆஃப் த டெட்’, ஒன்பதாவதாக வந்த ‘செக்மேட்’ இரண்டிலும் எண் ஆறு தம்மைப் புதிதாக வந்தவர் என்று சொல்கிறார். ஆகவே இவற்றை முன்னால் தள்ள வேண்டும் என்பது பலரது நிலை. அப்படித் தள்ளினால் ‘செக்மேட்’டுக்கும் ‘ஹேமர் இன்டு ஆன்வில்’லுக்கும் இடையே பல தோல்விகள் வந்து விழும். வெளிப்பார்வைக்கு இது அற்பமான அட்டவணைச் சண்டை. போர்முறையைப் பற்றிய வாதமோ இதில்தான் அடங்கியிருக்கிறது. எண் ஆறு ஒரு தோல்வியிலிருந்து ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டவரா, அல்லது தப்பித்தல், கூட்டுச் சேர்தல், தேர்தலில் நிற்றல் என எல்லாம் பொய்த்த பிறகு வேறு வழியின்றி இந்த முறைக்கு வந்தவரா? வரலாற்றில் கரந்தடிப் போர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் தொடங்கியிருக்கின்றன. அதனால் ‘செக்மேட்’டை முன்னுக்குத் தள்ளுவதே எனக்கும் சரியாகப் படுகிறது.

மெக்கூகனின் முதல் ஏழு என்று இரசிகர்கள் குறிப்பிடும் பட்டியலில் ‘செக்மேட்’ இருக்கிறது. ‘ஹேமர் இன்டு ஆன்வில்’ இல்லை. எண் ஆறின் மிகத் தெளிவான வெற்றி, தொடரை உருவாக்கியவரின் முதன்மைப் பட்டியலில் இடம்பெறவில்லை.

மற்றொரு வாதம் நெறி சார்ந்தது. எண் ஆறு நடத்தியது போரா, பழிவாங்கலா? பழி என்போர், அவர் ஒருவரையும் விடுவிக்கவில்லை, ஊரின் ஒரு சட்டத்தையும் மாற்றவில்லை என்கின்றனர். வேலையிழந்த பணியாளரும் மேற்பார்வையாளரும் அவருக்கு வெறும் கருவிகள். பட்டடைக்கல்லாக இருந்தவர் சுத்தியலானார், சுத்தியல் பட்டடைக்கல்லானது, அவ்வளவே என்பது இவர்களின் தீர்ப்பு. எதிர்த்தரப்பினர் ஒன்றைச் சுட்டுகின்றனர்: எண் ஆறு அமைத்த பொறி எதுவும் நேர்மையான அதிகாரி ஒருவரை வீழ்த்தியிருக்காது. தம் ஆட்களை நம்பும் ஒருவர் வெற்றுத் தாளை வெற்றுத் தாள் என்று ஏற்றிருப்பார். எனக்கு முதல் தரப்பின் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. இறந்த பெண்ணின் பெயர்கூடக் கடைசிவரை நமக்குத் தெரிவதில்லை. அவர் பொருட்டுத் தொடங்கிய போரில் அவர் நினைவு சீக்கிரமே காணாமற்போகிறது.

பழிக்குப் பழி என்ற கணக்கு

அடுத்த வாரம், டிசம்பர் 8 அன்று வந்த ‘இட்ஸ் யுவர் ஃபியூனரல்’ இந்த நெறிக் கேள்விக்குத் தொடரே எழுதிய பதில்போல அமைந்திருக்கிறது. அதில் ‘ஜாமர்கள்’ என்று ஒரு கூட்டம் வருகிறது. பொய்யான சதித் திட்டங்களைப் பேசிப் பரப்பி, கண்காணிப்பாளர்களைக் குழப்புவது இவர்கள் வேலை. எண் ஆறின் உத்தியேதான். ஆனால் நிர்வாகம் இம்முறை விழித்துக்கொண்டது. ஜாமர்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்வது எதையும் பொருட்படுத்துவதில்லை. எந்த உத்தியும் ஒருமுறைக்கு மேல் செல்லுபடியாகாது என்பது எல்லாக் கரந்தடிப் போராளிகளும் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

அப்பகுதியில் ஓய்வு பெறும் எண் இரண்டைக் குண்டு வைத்துக் கொல்ல ஒரு திட்டம் உருவாகிறது. அதைத் தடுக்க ஓடுபவர் எண் ஆறு. சிறையதிகாரியைக் கைதி காப்பாற்றுவது ஏன்? கொலை நடந்தால் ஊர் மக்கள்மீது கூட்டுத் தண்டனை விழும் என்பதுதான் காரணம். அன்றைய ஐரோப்பியப் பார்வையாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1942 மே 27 அன்று பிராகாவில், எஸ்.ஓ.இ. பயிற்றுவித்த செக்கோஸ்லோவாக்கிய வீரர்கள் நாஜி ஆளுநர் ஹைட்ரிக்கைத் தாக்கினர். அவர் ஜூன் 4 அன்று இறந்தார். ஜூன் 10 அன்று லிடிட்சே என்ற கிராமம் அழிக்கப்பட்டது. 173 ஆண்கள் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். தனி ஆள் நடத்தும் போரின் விலையை மற்றவர்கள் கொடுக்க நேரும் என்ற கணக்கை ‘ஹேமர் இன்டு ஆன்வில்’ போடவில்லை. ஒரு வாரம் கழித்துத் தொடர் போட்டது.

டிசம்பர் 15 அன்று வந்த ‘எ சேஞ்ச் ஆஃப் மைண்ட்’ பகுதியில் உத்தி மறுபடியும் மாறுகிறது. ஒத்துப்போகாதவர் என்று முத்திரை குத்தி ஊரார் ஒருவரை ஒதுக்கிவைக்கும் வழக்கம் அங்கே உண்டு. எண் ஆறும் அப்படி ஒதுக்கப்படுகிறார். முடிவில் அதே முத்திரையை எண் இரண்டின்மீது விழச் செய்து, கூட்டத்தை அவர் பின்னால் துரத்தவிடுகிறார். முதன்முறையாக அவருக்குக் கூட்டம் கிடைக்கிறது. ஆனால் அது சிந்திக்கும் கூட்டமில்லை.

இறுதிப் பகுதி

1968 பெப்ரவரி 1 அன்று வந்த ‘ஃபால் அவுட்’, இதுவரை கண்ட பொறுமையான போர்முறையைக் கைவிடுகிறது. எண் ஆறும் உடனிருப்போரும் இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டுக்கொண்டே வெளியேறுகின்றனர். பின்னணியில் அன்பைப் போற்றும் பீட்டில்ஸ் பாடல் ஒலிக்கிறது. எண் ஒன்றின் முகமூடியைக் கிழித்தால் குரங்கு முகம். அதையும் கிழித்தால் எண் ஆறின் முகமே. விடை எதிர்பார்த்துக் காத்திருந்த பார்வையாளர் பலர் எரிச்சலடைந்தனர். துப்பாக்கியைத் தொடாமல் ஓர் ஆட்சியாளரை வீழ்த்தியவர் கடைசியில் ஏன் துப்பாக்கி ஏந்தினார் என்பது இன்றும் வாதத்துக்குரியது. அது கிண்டல் என்று சிலர் கொள்கின்றனர். போர் எதிரியோடு மட்டும் நடந்தவரை தந்திரம் போதுமாயிருந்தது, தன்னோடே நடந்தபோது போதவில்லை என்று வேறு சிலர் படிக்கின்றனர்.

எண் ஆறு லண்டனுக்குத் திரும்புகிறார். அவர் தம் காரில் ஏறிப் போக, ஊரில் எண் இரண்டுகளுக்கெல்லாம் பணிவிடை செய்த குள்ளமான பணியாளர் அவருடைய வீட்டுக்குள் நுழைகிறார். கதவில் எண் 1 என்று பொறித்திருக்கிறது. ஊரிலிருந்த கதவுகளைப் போலவே அதே ஒலியோடு, அது தானாகத் திறந்து மூடிக்கொள்கிறது.